நீ இளைத்திருக்கும் படம்

உன் தம்பி காலையில் வந்துவிட்டுப் போனான். ஸ்கூட்டரை விட்டு இறங்கக்கூட இல்லை. ஒரு காலை வாசற்படியில் ஊன்றிக்கொண்டு ஒரு அட்டையை நீட்டினான். உன் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கான அட்டை. மொத்தமாக அடிப்பதற்கு முன் மாதிரிக்கு ஒன்று அடித்து வாங்கி வந்திருக்கிறான். "உங்களுக்குத்தான்க்கா தமிழ் நல்லா வரும். எழுத்துப் பிழை எதுனா இருக்குதான்னு பாத்துக் குடுங்க" என்றான். மை வாசனை இன்னும் போகவில்லை. நான் எழுத்தைப் பார்க்கவே இல்லை. படத்தைப் பார்த்தேன், தலைக்கு மேல் ஏறிவிட்டது கோபம்.

மெரூன் பட்டுப் புடவை. ஒட்டிய கன்னம். கழுத்தெலும்பு இரண்டும் புடைத்துக்கொண்டு நிற்கின்றன. உன் பின்னால் அச்சகக்காரர் மேகமும் இரண்டு புறாக்களும் வைத்திருக்கிறார். அந்தப் புறாக்கள்கூட உன்னைவிடக் கொழுகொழுவென்று இருக்கின்றன. இது நீ இல்லை. இது உன்னைத் தின்றுகொண்டிருந்த நோயின் படம். அதற்கு ஏன் மாலை போட வேண்டும்?

"யாருடா இந்தப் படத்த எடுத்துக் குடுத்தது?" என்று கத்தினேன். எதிர்வீட்டு அம்மா பால் பாக்கெட்டோடு அப்படியே நின்றுவிட்டார். உன் தம்பி கொஞ்ச நேரம் ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைத்தான். பிறகு ஒரு பதில் சொன்னான். அதை இப்போதே எழுதினால் மேற்கொண்டு எழுத எனக்குப் பொறுமை இருக்காது. கடைசியில் எழுதுகிறேன். முதலில் உன்னோடு தீர்க்க வேண்டிய கணக்கு இருக்கிறது.

என் கைப்பேசியில் உன் படங்கள் எவ்வளவோ இருக்கின்றன. எனக்குப் பிடித்தது நோணாங்குப்பத்தில் எடுத்தது. கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு படகில் போனோமே, அன்று எடுத்தது. ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நீ நிற்கிறாய். முன்பக்கத்து வார் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன, சேர வழியில்லை. படகுக்காரர் இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, உங்களுக்கு இது பத்தாது போலருக்கே" என்றார். நம் மாணவிகள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். சிரித்தால் இன்டர்னல் மார்க் போய்விடும் என்ற பயம். நீ அசரவே இல்லை.

"பத்தலன்னா அது ஜாக்கெட்டோட தப்புப்பா. கொழுப்பு தண்ணில மெதக்கும். படகு கவுந்துச்சுன்னா நீ என்னப் புடிச்சிக்க, கரை சேத்துடறேன்" என்றாய்.

படகுக்காரர் சிரித்த சிரிப்பில் படகே ஆடியது. அப்போது எடுத்த படம் அது. உன் கன்னம் இரண்டும் மேலே ஏறிக் கண்ணை மூடியிருக்கும். கழுத்து இருக்கும் இடம் தெரியாது. அதுதான் நீ. பேருந்தில் நீ உட்கார்ந்தால் பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலோடு ஒட்டிக்கொள்வார். நோன்புக் கஞ்சிக்கு எங்கள் வீட்டுக்கு வரும்போது கையில் தூக்குவாளியோடுதான் வருவாய். "இங்க குடிக்கறது உனக்காக, வாளியில போறது எனக்காக" என்பாய். என் அம்மா உனக்கென்றே தனியாக ஒரு கரண்டி கறியைக் கஞ்சியில் போட்டு வைப்பார்.

பள்ளிக்கூடத்திலிருந்து உன்னை ஊரே கேலி செய்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீயே சொல்லியிருக்கிறாய். உன் அம்மா உனக்குச் சோறு போடும்போது கையை நிறுத்தி நிறுத்திப் போடுவார் என்றும் சொல்லியிருக்கிறாய். அதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொல்வாய். அதனால் உனக்கு அது உறைக்கவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

நாம் இருவரும் ஒரே துறையில், எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து நர்சிங் பிள்ளைகளுக்கு உடலியங்கியல் நடத்தினோம். இதயம், சிறுநீரகம் எல்லாம் எனக்கு. கொழுப்புத் திசு உனக்கு. கேட்டு வாங்கிக்கொண்டாய். "என்னைவிட்டா இதுக்கு யாருக்குத் தகுதி?" என்று முதல்வரிடமே கேட்டவள் நீ. உன் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து நான் கேட்டிருக்கிறேன். திரையில் முதல் படமாக வெள்ளைக் கொழுப்பு. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரே ஒரு பெரிய எண்ணெய்த்துளி, செல்லின் கருவை ஓரமாகத் தள்ளிவிட்டு இடத்தை எல்லாம் அடைத்துக்கொண்டிருக்கும். அடுத்தது பழுப்புக் கொழுப்பு. அதில் துளிகள் சின்னச் சின்னதாகச் சிதறியிருக்கும், நடுவே மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும்.

"வெள்ளை சேத்து வெக்கும். பழுப்பு எரிச்சுச் சூடாக்கும். பொறந்த கொழந்தைக்குத் தோள்பட்டை நடுவுல நெறைய பழுப்பு இருக்கும், அதுக்கு நடுங்கத் தெரியாதில்ல, அதனால. நமக்குக் கழுத்துக்கிட்ட கொஞ்சமா மிச்சம் இருக்கும்" என்று உன் கழுத்தையே தொட்டுக் காட்டுவாய். "வெள்ளை கெட்டது, பழுப்பு நல்லதுன்னு பரீட்சையில எழுதினா மார்க் கெடையாது. பிரெஞ்சுக்காரன் போனதோட இந்த ஊர்ல வெள்ளைக்கும் பழுப்புக்கும் நடந்த சண்டையெல்லாம் முடிஞ்சு போச்சு. ரெண்டும் வேலை செய்யுது. கொழுப்பும் ஒரு உறுப்புதான், திட்டாதீங்க."

அப்புறம்தான் உனக்குப் பிடித்த கட்டம் வரும். வெள்ளைக் கொழுப்புக்கே பழுப்பின் குணம் வருவது. எலியைக் குளிரில் வைத்திருந்தால், அதன் வெள்ளைக் கொழுப்புக்குள்ளேயே சில செல்கள் மாறத் தொடங்கும். பெரிய துளி உடைந்து சிறுதுளிகளாகும். மைட்டோகாண்ட்ரியா பெருகும். சேர்த்து வைத்திருந்தது எரிய ஆரம்பிக்கும். குளிர் போய்விட்டால் மறுபடி மெல்ல மெல்ல வெள்ளையாகிவிடும். இதைச் சொல்லும்போது மட்டும் உன் குரல் இறங்கும். "யாரையும் இவ இப்படித்தான்னு முடிவு கட்டாதீங்க. ஒரு கொழுப்பு செல்லு கூட எடத்துக்குத் தக்க மாறுது" என்பாய். பிள்ளைகள் அதைப் பாடக் குறிப்பு என்று எழுதிக்கொள்வார்கள்.

நம் அலுவலகத்துக்காரர் ஒருவர் இளைக்க வைக்கும் பவுடர் டப்பாவை ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுவந்தார், ஞாபகம் இருக்கிறதா? கொழுப்பைப் பழுப்பாக்கும் என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. அவர் நேராக உன் மேசைக்குத்தான் வந்தார். வேறு யாரிடம் போவார்? "மொதல்ல எலிகிட்ட கேளுங்க சார். அது வாங்கிச்சுன்னா நானும் வாங்கறேன்" என்றாய். அவர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனவர்தான், திரும்பி வரவில்லை. இப்படிப் பேசியவள் நீ. இதை ஞாபகம் வைத்துக்கொள். அடுத்து நான் எழுதப் போவதற்கு இதுதான் சாட்சி.

வலி வந்தது. மேல்வயிற்றில். சாப்பிட்டால் கூடியது. முதுகுக்குப் போனது. மல்லாந்து படுக்க முடியவில்லை, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை என்றாய். எந்தப் பாடப் புத்தகத்தைத் திறந்தாலும் இதே வரிசையில் எழுதி, கீழே கணையத்தின் பெயரைப் போட்டிருக்கும். நீ போய்ப் பார்த்த டாக்டர்கள் அந்தப் புத்தகத்தைப் படிக்காமலா பட்டம் வாங்கினார்கள்? படித்திருப்பார்கள். ஆனால் அதில் போட்டிருந்த நோயாளி ஒல்லியாக இருந்திருப்பாள் போலிருக்கிறது.

முதல் ஆள் வாயு என்றார். எடையைக் குறைக்கச் சொன்னார். இரண்டாவது ஆள் வாயு என்றுகூடச் சொல்லவில்லை, எடையை மட்டும் குறைக்கச் சொன்னார். பீச் ரோட்டில் நடக்கச் சொன்னார். நீயும் நடந்தாய். வலியோடு நடந்தாய். அடுத்த டாக்டரிடம் நானும் கூட வந்தேன். அறைக்குள் நுழைந்தவுடன் எடை மெஷின். நீ ஏறினாய். முள் ஓடி நின்றதும் அவர் முகத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது போல ஒரு நிம்மதி. நீ வலியைப் பற்றிப் பாதி வாக்கியம்தான் சொன்னாய்.

"மேடம், வெயிட்ட கொறச்சீங்கன்னா பாதி வியாதி தானா போய்டும். சோத்த கொறைங்க, ஸ்வீட்ட நிறுத்துங்க."

"சார், அவ வயித்தத் தொட்டுக்கூடப் பாக்கலியே" என்றேன்.

"நீங்க டாக்டரா?"

"இல்ல சார். டீச்சர்."

"அப்ப டீச்சிங் பண்ணுங்க" என்று சொல்லி அடுத்த டோக்கனுக்கு மணி அடித்தார்.

அந்த மணிச் சத்தத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. வெளியே வந்து நான் தெருவிலேயே அவரைத் திட்டினேன். நீதான் என் வாயைப் பொத்தினாய். "விடுடி, அவர் சொல்றதும் சரிதானே, நான் குண்டாத்தானே இருக்கேன்" என்றாய். நீயா அது? கணையத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைகிறவள், உன் வயிற்றில் அது வலிக்கும்போது உன்னையே நம்பாமல் போய்விட்டாய். அத்தனை பேர் சேர்ந்து சொன்னால் வலிகூட வெட்கப்பட்டுக்கொண்டு ஒளிந்துகொள்ளும் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு வந்தது அந்த ஐஸ்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்தியால்பேட்டையில் உன் வீட்டுக்கு வந்தேன். நடையிலேயே மீன் வாசனை. குழம்பு வாசனை இல்லை, துறைமுகத்து வாசனை. உன் தம்பி சேதராப்பட்டு கம்பெனிக்கு ஷிஃப்ட்டுக்குக் கிளம்புவதற்கு முன், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் ஐஸ் கட்டி வாங்கிச் சாக்கில் சுற்றி ஸ்கூட்டரில் கொண்டுவந்து வைத்திருந்தான். குளியலறையில் நீலநிற டிரம். அதற்குள் நீ, கழுத்தளவு தண்ணீரில், உதடு நீலம் பாய்ந்து, பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டு. உன் தலையில் துண்டு. வவ்வால் மீனோடு சேர்த்து உன்னையும் ஏலத்துக்கு விட்டிருக்கலாம்.

"உனக்கு இன்னா பைத்தியமாடி?"

"வெள்ளையப் பழுப்பாக்கறேன்" என்றாய், பல்லடித்துக்கொண்டே.

"எலி கையளவுதான்டி இருக்கும். அதுக்குக் குளுரு தாங்காது, கொழுப்ப எரிச்சாத்தான் உசுரு நிக்கும். நாள் முழுக்கக் குளுருல வெச்சிருக்காங்க அத. நீ பாண்டிச்சேரி வெயில்ல வாழறவ. கொஞ்ச நேரம் ஐஸ்ல குந்திட்டுப் போயி சுடுசோறு துன்னா, ஒடம்பு எதுக்குடி மாறும்? நீதான இத வருஷா வருஷம் நடத்தற?"

"தெரியும்டி. எல்லாம் எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா?"

நீ ஐஸ் துண்டு ஒன்றை விரலால் அமுக்கி அமுக்கி விட்டாய். பிறகு சொன்னாய்: "நீ டாக்டர்கிட்ட போனா அவன் உன் மூஞ்சியப் பாத்துப் பேசறான். என்ன மட்டும் மெஷின் மேல ஏத்தறான். கொஞ்சம் எளச்சுட்டுப் போனா நான் சொல்றதையும் காது குடுத்துக் கேப்பான் இல்ல?"

  தன் வலியை ஒரு மனுஷன் கேட்பதற்காக ஒரு பொம்பிளை மீன் ஐஸில் உட்கார்ந்து தன்னைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எந்த ஊர் நியாயம் இது?

கொஞ்ச நாளில் நீ இளைக்க ஆரம்பித்தாய். ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்தாய். மோதிரம் கழன்றது. உனக்கு ஒரே குஷி. "வேலை செய்யுதுடி ஐஸு!" என்று போனில் கத்தினாய். ஐஸ் இவ்வளவு வேகமாக வேலை செய்யாது, எனக்கு இது சரியாகப் படவில்லை, வேறு இடத்தில் காட்டலாம் என்றேன். "ஒல்லியாப் பொறந்தவளுக்குப் பொறாமடி" என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய், ஆனால் கொஞ்சம் நிஜமும் இருந்தது. சில நாள் நாம் பேசிக்கொள்ளவில்லை. எதிரெதிர் மேசையில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் பேசாவிட்டால் என்ன, உன்னோடு பேச ஊரே இருந்தது. கல்லூரி வாசல் காவலர் சல்யூட் வைத்தார். முதல்வர் மீட்டிங்கில் உன்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். பவுடர் டப்பாக்காரர்கூட வந்து, "எந்த பிராண்டு மேடம்?" என்றார். உன்னைத் திரும்பிப் பார்க்காத பெண்கள் எல்லாம் உன் டயட்டைக் கேட்டார்கள். மணியடித்தாரே, அந்த டாக்டர், அவரிடம் மறுபடி போனாய். அவர் மெஷினைப் பார்த்துவிட்டு "வெரி குட், கீப் இட் அப்" என்றாராம். வலி இன்னும் இருக்கிறது என்றாயாம். "இன்னும் கொறைங்க, அதுவும் போய்டும்" என்றாராம். போனது. எல்லாம்தான் போனது.

உன் சித்தி மகள் கல்யாணத்தில்தான் அந்த மெரூன் புடவை. பிரான்சிலிருந்து வந்திருந்த உன் அத்தை உன்னைக் கட்டிப்பிடித்து, "ஷெரி, கண்ணு, எவ்ளோ அழகாயிட்ட! இப்பத்தான் நம்ப வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்க" என்றார். அது வரைக்கும் யார் வீட்டுப் பெண்ணாக இருந்தாயாம்? உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷத்தில். போட்டோக்காரர் உன்னை நடுவில் நிற்க வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நீ குரூப் போட்டோவில் முன்வரிசையில் நின்றாய். அதுவரை உனக்கென்று ஒதுக்கிய இடம் பின்வரிசை ஓரம்தான். அப்போது எடுத்த படம்தான் இன்று காலை என் கைக்கு வந்தது.

பந்தியில் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ பிரியாணியைக் கிளறிக்கொண்டே இருந்தாய். கறியை ஓரமாக ஒதுக்கினாய். கஞ்சிக்குத் தூக்குவாளி எடுத்து வருகிறவள் பிரியாணியை வாயில் வைக்காமல் எழுந்தாய். கை கழுவும் இடத்தில் டியூப் லைட் வெளிச்சம் நேராக விழுந்தது. அங்கேதான் பார்த்தேன். உன் கண்ணின் வெள்ளையில் மஞ்சள். உன் கையைப் பிடித்துக்கொண்டேன். நீயும் கண்ணாடியில் பார்த்தாய். நம் இருவருக்கும் அது என்னவென்று தெரியும். கல்யாண மண்டபத்தில் அந்த நேரம் எல்லோரும் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், எவ்வளவு அழகாகிவிட்டாய் என்று.

ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் ஏசி குளிர். மருந்து ஊசியைப் போட்ட பிறகு அங்கிருந்த பெண் உனக்குக் கம்பளி போர்த்திவிட்டு, "நல்லா இழுத்துப் போத்திக்கோங்க மேடம், குளுரக் கூடாது" என்றாள். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "கம்பளி எதுக்குன்னு தெரியுமாடி? குளுந்தா என் பழுப்புக் கொழுப்பு எரிய ஆரம்பிச்சிடும், ஊசில போட்ட சர்க்கரைய அதுவும் இழுத்துக்கும். ஸ்கேன்ல அங்கயும் பளிச்சுனு தெரியும். எது கட்டி, எது கொழுப்புன்னு அவங்களுக்குக் கொழப்பம் வந்துடும்" என்றாய். அங்கேயும் வகுப்பு. கம்பளிக்குள்ளிருந்து முகம் மட்டும் தெரிந்தது. நான் சிரிக்கவில்லை.

ரிசல்ட் வந்தபோது கணையம், கல்லீரல் என்று எல்லா இடத்திலும் புற்று இருந்தது. அன்று நீ அழவில்லை. படுக்கையில் குனிந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, ஒரு பாடத்தைச் சரிபார்க்கிற குரலில் பேசினாய். புற்றுநோய் முற்றும்போது உடம்பு உருகுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். கட்டி கிளப்பிவிடும் அழற்சியில் வெள்ளைக் கொழுப்பு பழுப்பின் குணத்தை எடுத்துக்கொண்டு, ஓய்வில்லாமல் எரிய ஆரம்பிக்கிறது. மனிதர்களிலும் அதன் அடையாளம் தெரிகிறது, எவ்வளவு பங்கு என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. இதெல்லாம் நீ சொன்னது. சொல்லி முடித்து, "நான் ஐஸ்ல குந்தினதுக்கு ஒண்ணும் ஆகலடி. உள்ள ஒருத்தன் அடுப்ப மூட்டிட்டான். ஊரே சேந்து கைதட்டிச்சு" என்றாய்.

ஆமாம், ஊரே சேர்ந்து கைதட்டியது. நீ எரிந்துகொண்டிருந்தாய், அவர்கள் கைதட்டினார்கள்.

முன்னாலேயே கண்டுபிடித்திருந்தால் பிழைத்திருப்பாயா என்று உன் தம்பி என்னிடம் பல தடவை கேட்டான். எனக்குத் தெரியாது. கணையம் பொல்லாத உறுப்பு, முன்னால் பார்த்தாலும் பலரை விடுவதில்லை. பொய் சொல்லி அவனைத் தேற்றவும் மாட்டேன், பொய் சொல்லி அந்த டாக்டர்களைக் குற்றவாளியாக்கவும் மாட்டேன். ஆனால் உன்னைக் கேட்டிருக்கலாம். வயிற்றில் ஒரு தடவை கை வைத்திருக்கலாம். அதற்கு என்ன செலவு?

மழைக்காலத்தில் நீ போனாய். அடக்கத்துக்கு வந்தவர்கள் குடையை மடக்கிக்கொண்டே என்ன பேசினார்கள் தெரியுமா? "கடைசி காலத்துல நல்லா எளச்சு லட்சணமா இருந்தா, பாவம், அனுபவிக்கக் குடுத்து வெக்கல." சொன்னவரை நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். அவர் கல்லறை பக்கம் நகர்ந்துவிட்டார். உன் அம்மா பக்கத்தில் இருந்ததால் பிழைத்தார்.

சரி. உன் தம்பி சொன்ன பதிலுக்கு வருகிறேன்.

"யாருடா எடுத்துக் குடுத்தது?" என்று நான் கத்தியதற்கு, அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அக்காதான்க்கா சொன்னா. ஆஸ்பத்திரில இருக்கச்சே. 'வருஷப் பூசைக்குக் கல்யாணத்துல எடுத்த படத்தப் போடு. மத்ததுல எல்லாம் குண்டா இருக்கேன்'னா. அம்மாவுக்குக் கூடத் தெரியாது."

நீ. நீயே சொல்லியிருக்கிறாய்.

படுக்கையில், எல்லாம் தெரிந்த பிறகு, எது உன்னை உருக்கியது என்று எனக்கே பாடம் நடத்திய பிறகு, அந்தப் படத்தைப் போடு என்று சொல்லியிருக்கிறாய். உன்னைக் கொன்ற நோய் உனக்குச் செய்த மேக்கப்பை நீ வைத்துக்கொள்ள ஆசைப்பட்டிருக்கிறாய். டாக்டர்கள் மேல், அத்தை மேல், கைதட்டினவர்கள் மேல் எனக்கு இருந்த கோபம் எல்லாம் இன்று காலை திரும்பி உன் பக்கம் வந்து நின்றது. கொழுப்பைத் திட்டாதே என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொன்னாய்? உனக்கு ஒரு தடவை சொல்லிக்கொள்ளக் கூடாதா? அவர்கள் உன் உயிரைக் கேட்கவில்லை. நீ உன்னைப் பார்க்கிற கண்ணைத்தான் கேட்டார்கள், அதையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

எனக்குப் புரியாமல் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பின்வரிசை ஓரத்தில் நின்றவள், ஒரே ஒரு படத்தில் முன்வரிசையில் நடுவில் நின்றாய். அதில் யாரும் உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்தப் படமாகவே இருந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாய். புரிகிறது. புரிந்தால் கோபம் போய்விட வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

அட்டையில் எழுத்துப் பிழை இல்லை. அப்படியே அடிக்கச் சொல்லிவிட்டேன். நீ கேட்டது, உன் தம்பி வாக்குக் கொடுத்தது, அதில் நான் கைவைக்க மாட்டேன். பூசைக்கும் வருவேன், உன் அம்மா பக்கத்தில் உட்காருவேன், அந்த அட்டையைப் பையில் வைத்துக்கொள்வேன். ஆனால் என் வகுப்பறை உன் தம்பியின் அட்டை இல்லை. நீ போனதிலிருந்து கொழுப்புத் திசுவும் என் தலையில்தான். இன்று மதியம் அந்தப் பாடம்.

உன்னுடைய படங்களையே போட்டேன், வெள்ளை, பழுப்பு, வெள்ளைக்குள் பழுப்பு. குளிரில் மாறும் என்றேன். நோயிலும் மாறும் என்றேன், அப்போது இளைப்பது சந்தோஷப்பட வேண்டிய விஷயம் இல்லை என்றேன். பிறகு நோணாங்குப்பத்துப் படத்தைத் திரையில் போட்டேன். ஆரஞ்சு ஜாக்கெட், சேராத வார், கண்ணை மூடிய சிரிப்பு. புதுப் பிள்ளைகள், உன்னைப் பார்த்ததே இல்லை. பின்வரிசையில் ஒரு சிரிப்புச் சத்தம் எழுந்தது. எழும் என்று தெரிந்துதான் போட்டேன்.

"யாரு மேடம் இவங்க?" என்றாள் ஒருத்தி.

"வலிக்குதுன்னு சொன்னவங்க" என்றேன். "போன எடத்துல எல்லாம் சொன்னாங்க. எல்லாரும் மெஷின் மேல ஏத்துனாங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. நான் சாக்பீஸை வைத்துவிட்டு நடுவில் வந்து நின்றேன். நாளைக்கு ஒரு வார்டில் நிற்கிறீர்கள், இவர் மாதிரி ஒருவர் வருகிறார், வலிக்குது என்கிறார், எடையைப் பார்ப்பதற்கு முன்னால் என்ன கேட்பீர்கள், எல்லோரும் சத்தமாகச் சொல்லுங்கள் என்றேன். முதலில் இரண்டு மூன்று குரல். போதாது என்றேன். மறுபடியும் போதாது என்றேன்.

அறை முழுவதும் ஒரே குரலில் உன்னைப் பார்த்துக் கேட்டது: "எங்க வலிக்குதும்மா?"

நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.